முகத்துக்கு நேரே

லோவல் காடிலுக்கு டார்லோ மாவட்டச் சிறைச்சாலையில் நல்ல பெயர் இருந்தது. "உனக்கு காடில் கிடைச்சிருக்காரா? அப்ப கவலையே படாத, சீக்கிரம் வெளிய வந்துருவ" என்று பழைய கைதிகள் புதிய கைதிகளுக்குத் தைரியம் சொல்வார்கள். வக்கீல் வைக்க வசதியில்லாதவர்களுக்காக அரசாங்கமே சம்பளம் கொடுத்து வைத்திருக்கும் வக்கீல் அவர். சம்பளம் என்னவோ வாதாடுவதற்குத்தான். ஆனால் அவர் கடைசியாக வாதாடியபோது போட்டிருந்த கோட்டுக்கும் அவருடைய வயிற்றுக்கும் இப்போது பேச்சுவார்த்தை கிடையாது. அத்தனை வருஷம் ஆகிவிட்டது.

கென்டக்கியின் அந்த மலைப்பக்கத்தில் வழக்குகள் காபி மிஷின் பக்கத்தில் முடிந்தன. எதிர்த்தரப்பில் குற்றம் சாட்டும் அரசு வக்கீல் ட்ரெனா ஐசம் ஒரு கோப்பையோடு வருவாள், லோவல் ஒரு கோப்பையோடு வருவார்.

"இவனுக்கு என்ன தர்ற?"

"அஞ்சு வருஷத்துக் கேஸு. ஒத்துக்கிட்டா நன்னடத்தைல விட்டுடறேன்."

"பேஷ். அடுத்தவன்?"

காபி ஆறுவதற்குள் மூன்று பேருடைய விதி எழுதப்பட்டுவிடும். பெரும்பாலும் கருணையோடுதான் எழுதப்படும். ட்ரெனா கெட்டவள் இல்லை, லோவலும் இல்லை. இருவருக்கும் நேரம் இல்லை, அவ்வளவுதான்.

வியாழக்கிழமை குற்றத்தை ஒப்புக்கொள்ளும் நாள். காலையில் சிறை வண்டி வந்து நிற்கும். ஆரஞ்சுச் சட்டைக்காரர்களை ஒரே சங்கிலியில் கோத்து அழைத்து வருவார்கள். உட்கார வேறு இடம் கிடையாது என்பதால் ஜூரிகளுக்கான மேடையிலேயே அவர்களை உட்கார வைப்பார்கள். ஜூரிகளுக்குத்தான் அங்கே வேலையே வருவதில்லையே! மெத்தை வைத்த நல்ல நாற்காலிகள். கைதிகளுக்கு அந்த நாற்காலிகள் பிடிக்கும்.

நீதிபதி வருவதற்கு முன் லோவல் அவர்கள் எதிரில் நின்று பாடம் நடத்துவார்.

"எல்லாரும் கவனிங்க. ஐயா ஒவ்வொரு உரிமையா வாசிப்பாரு. 'இதை விட்டுக்குடுக்கறீங்களா'ம்பாரு. 'ஆமாங்கய்யா'ன்னு சொல்லுங்க. கடைசில, 'யாராவது மிரட்டினாங்களா, ஆசை காட்டினாங்களா'ன்னு கேப்பாரு. அதுக்கு மட்டும் 'இல்லீங்கய்யா'. வேற எங்கயும் இல்லீங்கய்யா கிடையாது. புரிஞ்சுதா?"

"ஆமாங்கய்யா!" என்பார்கள் ஒரே குரலில்.

"பிரமாதம். சாயங்காலம் வீட்டுல சாப்பாடு."

அந்த வியாழக்கிழமை மேடையின் கடைசி நாற்காலியில் எஸ்டில் கேஹார்ட் உட்கார்ந்திருந்தான். நாற்பதை நெருங்குகிற, நெடுநெடுவென்று வளர்ந்த ஆள். பள்ளத்தில் விழுந்த வண்டிகளைத் தூக்கிவிடும் லாரி ஓட்டுகிறவன். எதையும் நிதானமாகத்தான் செய்வான். யோசிப்பது இன்னும் நிதானம். மூடிப்போன சுரங்கத்தின் மின்நிலையத்திலிருந்து தாமிரக் கம்பிகளைத் திருடியதாக வழக்கு. கம்பிகள் கிடைத்தது அவனுடைய பெரியப்பா மகன் ராண்டலின் கொட்டகையில். போலீஸ் கேட்டபோது ராண்டல், "எஸ்டில்தான் கொண்டாந்து போட்டான்" என்று சொல்லிவிட்டான். அதற்குச் சன்மானமாக ராண்டலை வெளியே விட்டார்கள், எஸ்டிலை உள்ளே வைத்தார்கள். ஜாமீனுக்கு வழியில்லை. வேறு சாட்சியும் கிடையாது, தடயமும் கிடையாது. ராண்டலின் வாய் மட்டும்தான்.

வீட்டில் எஸ்டிலின் அப்பா இருந்தார். சுரங்கத்தில் முப்பது வருஷம் நிலக்கரித் தூசியைச் சுவாசித்து, இப்போது மூக்கில் குழாயோடு சாய்வு நாற்காலியில் கிடக்கிறவர். பக்கத்து வீட்டம்மா வந்து பார்த்துக்கொண்டாள். ஒப்புக்கொண்டால் எஸ்டில் இன்றே அவரிடம் போகலாம். மறுத்துத் தோற்றால் ஐந்து வருஷம். ஐந்து வருஷம் கழித்து அந்த நாற்காலியில் அவர் இருக்கமாட்டார் என்பதை டாக்டர் சொல்லித்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதில்லை.

நீதிபதி ஹோபர்ட் ஸ்லோன் இளவயதில் புகையிலை ஏலக் கூடத்தில் ஏலம் கூவியவர். அந்த நாக்கு அவரை விட்டுப் போகவில்லை. அரசியல் சாசனம் கொடுத்த உரிமைகளை அவர் வாசிக்கும்போது யாரோ புகையிலைக் கட்டுக்கு விலை ஏற்றுவது போலவே இருக்கும்.

"ஜூரி-விசாரணை-கேட்க-உரிமை-உண்டு-விட்டுக்குடுக்கறீங்களா?"

"ஆமாங்கய்யா!"

"எதிர்சாட்சிகளை-நேரில்-பார்க்க-கேள்விகேட்க-உரிமை-உண்டு-விட்டுக்குடுக்கறீங்களா?"

"ஆமாங்கய்யா!"

"பேசாமலிருக்க-உரிமை-உண்டு-விட்டுக்குடுக்கறீங்களா?"

"ஆமாங்கய்யா!"

இருநூறு வருஷத்துக்கு மேலாக மனிதர்கள் சண்டை போட்டு வாங்கியவை, ஒவ்வொன்றாக, மூச்சு விடும் நேரத்தில் போய்க்கொண்டிருந்தன. லோவல் மனசுக்குள் மதியச் சாப்பாட்டை யோசித்துக்கொண்டிருந்தார். எதிர்க்கடையில் பீன்ஸும் சோளரொட்டியும்.

"யாராவது-மிரட்டினாங்களா-ஆசை-காட்டினாங்களா?"

"இல்லீங்கய்யா!" என்றது கூட்டம். எல்லாரும் சொல்லி ஓய்ந்த பிறகு, கடைசி நாற்காலியிலிருந்து ஒரு குரல் தனியாக வந்தது. "ஆமாங்கய்யா."

நீதிமன்றமே திரும்பிப் பார்த்தது. கூரை மூலையில் சிவப்பு விளக்கு எரிய கேமரா ஓடிக்கொண்டிருந்தது. அதில் விழுந்த வார்த்தையை யாரும் துடைக்க முடியாது.

"யாருப்பா அது?"

எஸ்டில் கையைத் தூக்கினான். சங்கிலி ஒன்றே என்பதால் பக்கத்தில் இருந்தவனுடைய கையும் கூடவே எழுந்தது. "நான் இல்லீங்கய்யா, நான் இல்லீங்கய்யா!" என்று அவன் பதறினான்.

"மிஸ்டர் கேஹார்ட், உங்களை யாரு மிரட்டினது?"

எஸ்டில் யோசித்தான். "மிரட்டலுன்னு இல்லீங்கய்யா. ஒத்துக்கலேன்னா அஞ்சு வருஷம்னு வக்கீலண்ணன் சொன்னாரு."

"ஆசை காட்டினது?"

"அதுவும் அவருதாங்க."

காவலர் ஒருவர் இருமுவது போல் நடித்துச் சிரித்தார். ட்ரெனா காகிதத்தால் முகத்தை மறைத்துக்கொண்டாள். லோவலின் காதுகள் கைதிகளின் சட்டை நிறத்துக்கு வந்தன.

"நான் தப்பாச் சொல்லிட்டேங்கய்யா," என்றான் எஸ்டில். "இல்லீங்கய்யான்னு சொல்ல வேண்டிய இடம் அது. ஆனா நான் இன்னும் முந்தின கேள்விலயே நிக்கிறேன். சாட்சின்னு ஒண்ணு சொன்னீங்களே. ஓடிப்போச்சு அது."

நீதிபதி ஒரு நிமிஷம் அவனைப் பார்த்தார். கேமராவைப் பார்த்தார். பிறகு வேறு வழியில்லாமல் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஏலக் கூடத்தை விட்டு இறங்கி வந்து, ஒரு மனிதனிடம் இன்னொரு மனிதன் பேசுவது போல் மெதுவாக வாசித்தார்.

"உங்களுக்கு எதிரா யார் சாட்சி சொன்னாலும், அவங்க இங்க நேர்ல வரணும். இதோ இந்த நாற்காலில உக்காந்து, சத்தியம் பண்ணி, உங்க முகத்துக்கு நேரே சொல்லணும். உங்க வக்கீல் அவங்களை என்ன வேணா கேக்கலாம். அதுக்கு உங்களுக்கு உரிமை இருக்கு."

"ராண்டலா?"

"யாரா இருந்தாலும்."

"ராண்டல் அந்த நாற்காலில உக்காந்து, நான் இங்க இருக்கறப்பவே சொல்லணுமா?"

"ஆமா."

"வரமாட்டேன்னா?"

"வரச்சொல்லி உத்தரவு போடுவாங்க."

"யாரு போடறது?"

"நான்தான்."

"எனக்காகவா?"

அந்தக் கேள்வியை அந்த மன்றத்தில் ஸ்லோனிடம் யாரும் கேட்டதில்லை. "உங்களுக்காகத்தான்," என்றார்.

எஸ்டில் காலியாக இருந்த சாட்சி நாற்காலியைப் பார்த்தான். சாதாரண மர நாற்காலி, கைப்பிடியில் வார்னிஷ் தேய்ந்துபோனது. வானத்திலிருந்து இறங்கிய வண்டியைப் பார்ப்பது போல் பார்த்தான்.

"அந்த ஜூரி சமாச்சாரமும் வேகமாப் போயிடுச்சுங்கய்யா."

"பன்னண்டு பேரு. இந்த ஊர்க்காரங்க. பன்னண்டு பேரும் ஒரே முடிவா சொன்னாத்தான் நீங்க குத்தவாளி. அதுல ஒருத்தர் தலையாட்டலேன்னாலும் உங்களைத் தண்டிக்க முடியாது."

"அவங்களுக்கெல்லாம் வேலவெட்டி இருக்காதா?"

"இருக்கும். விட்டுட்டு வருவாங்க."

"எங்கப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனா டாக்டரு உக்காரக்கூட மாட்டாருங்க. கதவைப் பிடிச்சுக்கிட்டே பேசிட்டுப் போயிடுவாரு. எனக்குப் பன்னண்டு பேரா?" பக்கத்து நாற்காலிக்காரனிடம் திரும்பினான். "உனக்கும் பன்னண்டாடா?"

"எல்லாருக்கும் பன்னண்டுதாண்டா. வாயை மூடு, வீட்டுக்குப் போகணும்," என்றான் அவன்.

எஸ்டில் ஒரு முடிவுக்கு வந்தான். "ஐயா, மத்ததெல்லாம் நீங்களே எடுத்துக்கங்க. அந்த ராண்டல் விஷயத்தை மட்டும் நான் வச்சுக்கறேன்."

"அப்படிப் பிரிச்சுத் தர முடியாது மிஸ்டர் கேஹார்ட். எல்லாம் ஒரே கட்டு. குடுத்தா மொத்தமும் குடுக்கணும். ஒண்ணை வச்சுக்கிட்டா மொத்தமும் உங்களோடது."

"மொத்தமுமா?" என்றான் எஸ்டில். ஒரு ஆணி வாங்கப் போனவன் கையில் கடைச்சாவியையே கொடுத்தது போல் இருந்தது அவன் முகம்.

லோவல் பாய்ந்து மேடை அருகே போய் அவன் காதோடு பேசினார். "எஸ்டில், யப்பா, நான் சொல்றதக் கேளு. இன்னிக்கு ராத்திரி உங்கப்பா பக்கத்துல இருக்கலாம் நீ. விசாரணைன்னு போனா உள்ளயே கிடக்கணும். தோத்தா அஞ்சு வருஷம். தோக்கறதுக்குத்தான் வாய்ப்பு ஜாஸ்தி, ஏன்னா உனக்கு வாதாடப்போறது நான்."

"அண்ணே, ராண்டல் அப்படிச் சொன்னான்னு போலீஸ்காரரு சொன்னாரு. ட்ரெனாம்மா சொன்னாங்கன்னு நீங்க சொன்னீங்க. ராண்டல் சொல்லி நான் கேக்கவேயில்லையே."

"போலீஸ் எடுத்த வீடியோ இருக்கு. பாத்தேன்."

"உங்களைப் பாத்தா சொன்னான்? ஒரே கட்டில்ல படுத்து வளந்தோம் நாங்க. அவனுக்கு அம்மை போட்டப்ப எங்கம்மா அவனை மடில வச்சுக்கிட்டு என்னைக் கீழ படுக்க வச்சாங்க. என்னைப் பாத்துச் சொல்லட்டும். சொல்லிட்டான்னா அஞ்சு வருஷம் என்ன, போறேன். அப்பாகிட்ட மட்டும் சொல்லிடுங்க. கொஞ்சம் நாளாகும்னு."

மற்றவர்கள் எல்லாரும் வீட்டுக்குப் போனார்கள். எஸ்டில் மட்டும் வந்த வண்டியிலேயே திரும்பிப் போனான். ஜன்னல் கம்பி வழியாக நீதிமன்றத்தின் கூரையைத் தலை வளைத்துப் பார்த்துக்கொண்டே போனான்.

லோவல் வாதாடியே ஆக வேண்டும் என்று வந்துவிட்டது. அலமாரியிலிருந்து சட்டப் புத்தகங்களை இறக்கினார். தும்மல் நிற்க ஒரு மணி நேரம் ஆயிற்று. கோட்டைத் தையற்காரியிடம் கொடுத்தார். அவள் அளவெடுத்துவிட்டு, "இதைப் பிரிச்சு விட்டாப் பத்தாது சார், பக்கத்துல இன்னொரு கோட்டு வச்சுத் தைக்கணும்" என்றாள். ராத்திரி சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, பரீட்சைக்குப் படிக்கிறவர் போல் முணுமுணுத்துக்கொண்டே படித்தார். படிக்கப் படிக்க அவருக்கு ஒன்று உறைத்தது. உரிமைகளை யாரும் வீடு புகுந்து பிடுங்கிக்கொண்டு போவதில்லை. ஓட்டைச் சட்டைப்பையிலிருந்து சில்லறை விழுவது போல் அவை விழுந்துவிடுகின்றன. 'ஆமாங்கய்யா' என்றால் ஒன்று போச்சு. பேசக்கூடாத இடத்தில் பேசினால் ஒன்று. பேச வேண்டிய இடத்தில் பேசாமல் இருந்தால் இன்னொன்று. இதில் கடைசியாகச் சொன்னது வக்கீல்களுக்கானது. எதிர்த்தரப்பு தப்பாக ஒன்றைச் செய்யும்போது, அந்த நொடியே எழுந்து ஆட்சேபிக்க வேண்டும். அப்புறம் எந்தப் பெரிய கோர்ட்டுக்குப் போய் அழுதாலும், 'அப்ப ஏன் சும்மா இருந்தே?' என்று கேட்டு அனுப்பிவிடுவார்கள். எத்தனை பேர் சட்டைப்பையில் எத்தனை ஓட்டையைத் தானே போட்டிருப்போம் என்று எண்ணிப் பார்க்கத் தொடங்கி, பாதியில் பயந்துபோய் விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தார்.

விசாரணை நாளன்று விடியும்போதே பனி கொட்டிக்கொண்டிருந்தது. பள்ளிக்கூடங்களை மூடிவிட்டார்கள். இந்த மலைப்பாதையில் எவன் வருவான், ஜூரிக்கு ஆள் சேராது, வழக்கு தள்ளிப்போகும் என்று லோவல் ரகசியமாக வேண்டிக்கொண்டே படியேறினார்.

காபி மிஷின் பக்கத்தில் ட்ரெனா காத்திருந்தாள். அவளுக்குக் காபி மறந்துவிட்டிருந்தது.

"லோவல், கடைசியா ஒண்ணு சொல்றேன். சின்னக் குத்தமா மாத்திடறேன். இதுவரைக்கும் உள்ள இருந்த நாளே தண்டனை. பதிவுல பெரிசா ஒண்ணும் நிக்காது. 'ஆமா, பண்ணேன்'னு ஒரு வார்த்தை சொல்லச் சொல்லு. பத்து நிமிஷத்துல வீடு."

இவ்வளவு நல்ல பேரத்தை லோவல் தன் வாழ்நாளில் கண்டதில்லை. கிட்டத்தட்ட ஓடினார்.

கைதி அறையில் எஸ்டில், லோவல் தன் மைத்துனனிடம் கடன் வாங்கி வந்த கோட்டில் உட்கார்ந்திருந்தான். கோட்டின் கை முழங்கையோடு நின்றிருந்தது. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டான்.

"ராண்டல் வந்துட்டானா?"

"அது இப்ப எதுக்குடா? வீட்டுக்குப் போலாங்கறேன்!"

"ஆமா பண்ணேன்னு சொல்லணுமா?"

"ஒரே ஒரு வார்த்தை."

"பண்ணலையேண்ணே."

லோவல் வாயைத் திறந்தார். அந்தப் பதிலுக்கு என்ன சொல்வது என்று இத்தனை வருஷத்தில் அவர் கற்றுக்கொள்ளவேயில்லை. 'நீ பண்ணினியா' என்று யாரிடமும் கேட்காமலே காலத்தை ஓட்டியிருந்தார்.

"உங்கப்பா..." என்றார்.

"அப்பாதான் சொல்லி அனுப்பினாரு. நேத்து பக்கத்து வீட்டம்மா வந்து சொன்னாங்க. 'ராண்டல் என்ன சொல்றான்னு கேட்டுட்டு வரச் சொல்லு, நான் அதுவரைக்கும் எங்கயும் போயிட மாட்டேன்'னாராம்." எஸ்டில் சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை. "போலாங்கண்ணே. அந்தப் பன்னண்டு பேரு காத்திருப்பாங்க."

காத்துக்கொண்டுதான் இருந்தார்கள். பன்னிரண்டு இல்லை, ஐம்பது பேருக்கு மேல். தேர்ந்தெடுப்பதற்காக அழைக்கப்பட்டவர்கள், பனியில் சறுக்கிச் சறுக்கி, ஒருவர் வண்டியில் ஒருவர் தொற்றிக்கொண்டு, நனைந்த பூட்ஸோடு வந்து சேர்ந்திருந்தார்கள். பனியள்ளும் வண்டியின் ஓட்டுநர் அந்த வண்டியிலேயே நான்கு பேரை ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். அழகு நிலையக்காரி பாதித் தலைக்குச் சாயம் பூசிய வாடிக்கையாளரை அப்படியே விட்டுவிட்டு வந்திருந்தாள். முணுமுணுத்தார்கள், திட்டினார்கள், மூக்கு சிந்தினார்கள். ஆனால் வந்திருந்தார்கள். அவர்களில் ஒரு கிழவர், போன வருஷம் எஸ்டில் தன் வண்டியைத் தூக்கும்போது பம்பரைப் பெயர்த்துவிட்டான் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவர். அவரும் நேர்மையாகக் கையைத் தூக்கி, "இவன் மேல எனக்குக் கடுப்பு உண்டுங்க" என்று சொல்லி விலகிப் போனார். போகும்போது எஸ்டிலைப் பார்த்து, "பம்பர் வேற, இது வேற" என்றார்.

பன்னிரண்டு பேரைத் தேர்ந்தெடுத்து முடித்ததும் அவர்கள் வரிசையாக மேடை ஏறினார்கள். மன்றம் முழுவதும் எழுந்து நின்றது. எஸ்டிலும் எழுந்தான். பிறகு லோவலின் சட்டைக்கையைப் பிடித்து இழுத்தான்.

"அண்ணே, நீதிபதியும் எந்திரிச்சிட்டாரு."

"எந்திரிக்கணும்."

"யாருக்காக?"

"அவங்களுக்காக. இனிமே இங்க அவங்கதான் பெரியவங்க."

எஸ்டில் அந்த மேடையையே பார்த்துக்கொண்டு நின்றான். அவன் ஆரஞ்சுச் சட்டையில் சங்கிலியோடு உட்கார்ந்திருந்த அதே நாற்காலியில் அழகு நிலையக்காரி கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். எல்லாரும் உட்கார்ந்த பிறகும் அவன் நின்றுகொண்டிருந்தான். லோவல் கோட்டைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார்.

முதல் சாட்சி, வழக்கை விசாரித்த துப்பறியும் போலீஸ்காரர். சுரங்கம், அறுத்த பூட்டு, கொட்டகை, கம்பி எல்லாவற்றையும் சொன்னார். பிறகு ட்ரெனா, தண்ணீர் கேட்பது போன்ற சாதாரணக் குரலில் கேட்டாள்.

"கொட்டகையின் சொந்தக்காரர் ராண்டல் கேஹார்ட் உங்களிடம் என்ன சொன்னார்?"

லோவலுக்குள் ஏதோ ஒன்று மணியடித்தது. ஆனால் கால்கள் எழவில்லை. காபி மிஷின் பக்கத்தில் இத்தனை வருஷம் தலையாட்டிப் பழகிய கழுத்து, இப்போதும் லேசாகத் தலையாட்டியது. போலீஸ்காரர் மூச்சை உள்ளே இழுத்தார். அந்த மூச்சு வெளியே வந்துவிட்டால் ராண்டலின் வார்த்தை போலீஸ்காரரின் வாய் வழியாக அந்தப் பன்னிரண்டு பேரின் காதில் ஏறிவிடும். அப்புறம் ராண்டல் வரவே வேண்டியதில்லை. எஸ்டில் எதற்காகச் சிறையில் கிடந்தானோ அது, லோவலின் சட்டைப்பை ஓட்டை வழியாக விழுந்து உருண்டு போய்விடும்.

"ஆட்சேபணை!"

அவருடைய குரல்தான். நாற்காலி பின்னால் சாய்ந்து தரையில் விழுந்தது. தையற்காரி ஒட்டுப்போட்ட கோட்டிலிருந்து பொத்தான் ஒன்று தெறித்து மேசைக்கடியில் ஓடியது.

"ராண்டல் சொன்னதை ராண்டல் வந்து சொல்லட்டும், யுவர் ஆனர். இவரு சொல்லக்கூடாது. வீடியோவும் சொல்லக்கூடாது. என் கட்சிக்காரருக்கு..." மூச்சு வாங்கியது. "அந்த உரிமை அவருகிட்ட இன்னும் இருக்கு. அவரு விட்டுக்குடுக்கல."

நீதிபதி ஸ்லோன், "ஏற்றுக்கொள்கிறேன்," என்றார்.

போலீஸ்காரரின் வாய் மூடிக்கொண்டது.

லோவல் நின்றபடியே இருந்தார். கென்டக்கி மாநிலம் மொத்தமும், அதன் போலீஸும் சிறையும் வண்டிகளும் துப்பாக்கிகளும் கவர்னரும், மைத்துனனுடைய கோட்டைப் போட்ட ஒரு லாரிக்காரனுக்கு எதிராக அந்த அறையில் பேசிக்கொண்டிருந்தது. பொத்தான் போன ஒரு ஆசாமி எழுந்து ஒரு வார்த்தை சொன்னான். அது நின்றுவிட்டது. சட்டக் கல்லூரியில் அவருக்கு இதைச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். இப்போதுதான் கண்ணால் பார்த்தார்.

"உங்க சாட்சியைக் கூப்பிடுங்க மிஸ் ஐசம்," என்றார் நீதிபதி.

ட்ரெனா மெல்ல எழுந்தாள். "வர்றதா ஒத்துக்கிட்டிருந்தாரு, யுவர் ஆனர். உத்தரவும் கைல குடுத்தாச்சு. இன்னும் வரல. கொஞ்சம் அவகாசம் வேணும்."

"மதியம் வரைக்கும்."

மதியம் வரை பன்னிரண்டு பேரும் காத்திருந்தார்கள். நீதிபதி காத்திருந்தார். எஸ்டில் அந்த மர நாற்காலியின் மேலிருந்து கண்ணை எடுக்கவில்லை. லோவல் வாங்கி வந்த சோளரொட்டி அவன் மடியில் அப்படியே இருந்தது.

பிறகு நீதிபதி காவலருக்குத் தலையசைத்தார். காவலர் கதவைத் திறந்து நடைக்கூடத்தில் போய் நின்று உரக்கக் கூப்பிட்டார்.

"ராண்டல் கேஹார்ட்!"

குரல் படிக்கட்டு வழியாகக் கீழே இறங்கிப் போனது.

"ராண்டல் கேஹார்ட்!"

கீழே யாரோ பூட்ஸில் ஒட்டிய பனியைத் தட்டும் சத்தம் கேட்டது. எஸ்டில் பாதி எழுந்தான். வாசற்காவலர்தான்.

"ராண்டல் கேஹார்ட்!"

ஒருவரும் வரவில்லை. மன்றத்தில் இருந்த அத்தனை பேரும் அந்தக் காலி நாற்காலியைப் பார்த்தார்கள். அதில் யாராவது உட்கார்ந்திருந்தால்கூட அப்படிப் பார்த்திருக்கமாட்டார்கள்.

ட்ரெனா சுற்றி வளைக்கவில்லை. "அரசுத் தரப்பில் வேறு சாட்சி இல்லை, யுவர் ஆனர்," என்று நிமிர்ந்து நின்று சொன்னாள். லோவல் விடுதலை கேட்டார். நீதிபதி ஜூரிகளிடம் திரும்பினார்.

"இந்தப் பனில வந்தீங்க. உங்க முன்னால வைக்கறதுக்கு இங்க ஒண்ணுமில்ல. அதனால நீங்க முடிவு சொல்ல வேண்டிய அவசியமில்லாமப் போச்சு. ஆனா நீங்க வரலேன்னா இது நடந்திருக்காது." பிறகு எஸ்டிலிடம் சொன்னார். "மிஸ்டர் கேஹார்ட், உங்களை விடுதலை செய்யறேன். இதே குத்தத்துக்கு உங்களை இனிமே இந்த மாநிலத்துல யாரும், எப்பவும், திரும்பக் கூப்பிட முடியாது."

எஸ்டில் எழுந்து நின்றான். "அப்ப ராண்டல் வரமாட்டானாங்கய்யா?"

"வரல. அதனாலதான் நீங்க போறீங்க."

ஜூரிகள் இறங்கிப் போகும்போது மறுபடி எல்லாரும் எழுந்தார்கள். எஸ்டில் ஒவ்வொருவருக்கும் தலை குனிந்தான். அழகு நிலையக்காரி மட்டும் நின்று, "நல்லா இரு" என்று சொல்லிவிட்டு, சாயம் பூசிய தலை ஞாபகம் வந்தவளாக ஓடினாள்.

நடைக்கூடத்தில் ட்ரெனா லோவலின் அருகில் வந்து தணிந்த குரலில் சொன்னாள். "ராண்டல் டென்னசி எல்லைல ஒரு மதுக்கடைல கிடக்கானாம். முந்தாநாள்லேர்ந்து. அவன் பேர்ல வேற ஏதோ வாரண்ட் இருக்கு போல, கோர்ட்டுப் பக்கம் வரப் பயம்." பிறகு அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "நல்லா வாதாடின லோவல். பொத்தானைத் தேடிக்க."

லோவல் திரும்பி வந்தபோது எஸ்டில் மன்றத்தின் வாசலில் நின்றுகொண்டிருந்தான். உள்ளே விளக்கை அணைத்துவிட்டார்கள். ஜன்னல் வழியாக வந்த பனி வெளிச்சத்தில் சாட்சி நாற்காலி மட்டும் தெரிந்தது.

"அண்ணே, அவன் ஏன் வரலன்னு எனக்குத் தெரியும்."

லோவல் அவன் பக்கத்தில் வந்தார்.

"போலீஸ்கிட்ட சொல்ல முடிஞ்சுது அவனால. கேமரா முன்னாடி சொல்ல முடிஞ்சுது. என் முகத்தைப் பாத்துச் சொல்ல முடியல." எஸ்டிலின் கண்கள் நிறைந்திருந்தன; முகமோ மலர்ந்திருந்தது. "ராண்டல் ராண்டலாத்தான் இருக்கான். இது போதும்ணே எனக்கு."

நல்ல வக்கீலுக்கு இந்த நம்பிக்கையை உடைக்க நான்கு கேள்வி போதும். அந்த நான்கும் லோவலின் நாக்கு நுனியில் வரிசையாக வந்து நின்றன. அன்றைக்கு அவர் உண்மையிலேயே நல்ல வக்கீலாக இருந்தார் என்பதால், ஒன்றைக்கூடக் கேட்கவில்லை.

"இருக்கலாம் எஸ்டில்," என்றார். "அவ்வளவு சுலபமில்ல அது. எதிர்ல ஆளை வச்சுக்கிட்டுச் சொல்றது."

படியிறங்கும்போது எஸ்டில் நின்றான். "அப்பா முதல்ல அதைத்தான் கேப்பாரு. ராண்டல் என்ன சொன்னான்னு. என்னண்ணே சொல்றது?"

லோவல் கோட்டை இரண்டு கையாலும் இழுத்து மூடிக்கொண்டு, வெளியே கொட்டிக்கொண்டிருந்த பனியைப் பார்த்தார்.

"ஊரே கூடி உக்காந்து கேட்டுச்சுன்னு சொல்லு," என்றார். "பேரு சொல்லி மூணு தடவை கூப்பிட்டாங்கன்னு சொல்லு. ஒண்ணும் சொல்லலன்னு சொல்லு."